சத்தம் போன இடம்

இரண்டாம் பாகம் எப்படி என்று
இடைவேளையிலேயே கேட்கிறான் டெரன்ஸ்.
கையில் பொப்கோர்ன்,
உப்புக் கூடிப்போச்சு என்ற முறைப்பாட்டோடு.
பொறு, என்கிறேன்,
பேய் இன்னும் முழுசாய் வரவில்லை.

உண்மையில் வந்துவிட்டது.
பெயர், ஊர், பிறந்த திகதியோடு வந்துவிட்டது.
அதற்கு ஒரு சின்ன வயசு,
குடிகாரத் தகப்பன்,
கிணற்றடியில் ஒரு துரோகம்.
பாவம், அதற்கொரு வேலை
எடுத்துக் கொடுக்காததுதான் குறை.

முதலாம் பாகத்தில் அது யாரென்று எவருக்கும் தெரியாது.
மாடிப்படியில் ஏறும்.
பதின்மூன்றாம் படியில் நிற்கும்.
அவ்வளவுதான்.

நான் அதைப் பார்த்தது
வெள்ளவத்தை லொட்ஜில், தொண்ணூற்றாறில்.
விசாவுக்குக் காத்திருந்த ஏழு பேர் ஒரே அறையில்,
வாடகை டெக்,
திரையின் மேல்விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு
நெளிந்துகொண்டே இருக்கும்.
பத்து நிமிடம் போயிருக்காது,
மனேஜர் கனகரட்ணம் வந்து
ஒழுங்கை முகப்பில் ஜீப் நிற்குது,
சத்தத்தைக் குறையுங்கோ என்றார்.
குறைத்தோம்.
இன்னும் என்றார்.
பூச்சியம் வரை குறைத்தோம்.

பிறகு அந்தப் படத்தில் ஒருவரும் கத்தவில்லை.
வாய் திறந்தது. திறந்தபடி இருந்தது.
கதவை யாரோ தட்டுவது தெரிந்தது.
கேட்கவில்லை.
கேட்டதெல்லாம் வெளியேதான்:
கடலோரமாய்ப் போன ஒரு ரயில்,
ஒரு நாய்,
கீழ்மாடியில் சப்பாத்து.
படியேறும் சப்பாத்து.
எண்ணினோம்.
திரையிலிருந்த படியையா லொட்ஜின் படியையா,
இன்றைக்கும் என்னால் சொல்லமுடியாது.

ஜெயசீலி பொலிஸ் பதிவுத் துண்டை
அடையாள அட்டையோடு சேர்த்துக்
கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.
விடிய, வியர்வையில் மை ஊறி
அவள் பெயர் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.
கண்ணாடியில் பிடித்தால்தான் வாசிக்கலாம்.

அன்றிரவு எங்கள் கதவை ஒருவரும் தட்டவில்லை.
பக்கத்து அறையைத் தட்டினார்கள்.

அந்தப் படத்தைத்தான் இவ்வளவு காலமும்
காண்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிந்தேன்,
அதுபோல் இனி ஒன்று வராது என்று.
போன மாதம் டெரன்ஸ் எங்கேயோ தேடி எடுத்து
முழுச் சத்தத்தோடு பார்த்துவிட்டு
போன் எடுத்தான்.
அக்கா, படு பகிடி.
பேய் வரமுன்னமே ட்ரம்ஸ் அடிக்கிறாங்கள்.
ஒரு பூனை வேற.
ஆளொண்டு பூனை மாதிரிக் கத்துது.

நான் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.
எதை எதோடு ஒப்பிடுவது என்று
எனக்கே விளங்கவில்லை.

இடைவேளை முடிந்தது.
இந்தத் தியேட்டரில் பேய்
ஆறு திசையாலும் வருகிறது. கதிரை அதிர்கிறது.
ஏசி பிடரியில் ஊதுகிறது.
முன்வரிசைப் பிள்ளைகள் கத்துகிறார்கள்,
கத்தினதுக்குச் சிரிக்கிறார்கள்.
எனக்குக் கொட்டாவி.

கிணற்றுக்குள் அவள் இறங்கும் இடத்தில்
சத்தம் போய்விட்டது.

படம் ஓடுகிறது.
விசில், கூச்சல்,
சிங்களத்திலும் தமிழிலும் காசைத் திருப்பித் தா.
டெரன்ஸ் எழும்பி
ஒப்பரேற்றரின் ஓட்டையைப் பார்த்துக் கையாட்டுகிறான்.
திரையில் ஒருத்தி வாய் திறக்கிறாள்.
திறந்தபடி இருக்கிறாள்.

நான் கைப்பையைத் துழாவி
அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
இருந்தது.

இரண்டு நிமிடம் இருக்கும், திருத்திவிட்டார்கள்.
வயலின்கள் ஒரேயடியாய்ப் பாய்ந்தன.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று
சரியாய் ஞாபகமில்லை.
பேய்க்கு மோட்சம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

வெளியே காலி வீதியில் மழை.
த்ரீவீல்காரர் மீற்றர் வேலை செய்யாது என்கிறார்.
டெரன்ஸ் விடுகிறான் இல்லை:
சொல்லுங்கோ அக்கா, முதலாவதுக்குக் கிட்டவாவது வருமா?
இரண்டு நிமிடம் வந்தது.
எந்த இடம்?
சத்தம் போன இடம்.
அது படமில்லையே, பழுதெல்லோ.
ஓம், என்றேன்.

த்ரீவீல்காரர் மீற்றரை விரலால் தட்டினார்,
மூன்று தரம்.
நல்லாய்க் கேட்டது.