வடக்கெல்லை

நானூற்று எழுபத்தொன்று.
ஆவுடைச்செல்வி வரலாறு கேட்கிறாள்.

"மார்க் இல்லாத பிள்ளைகளத் தள்ளுற குரூப்புல்லா அது"
என்றார் சுடலைமணி அத்தான்,
டீ ஆறுவதற்குள் மூன்று தடவை.

சேரன்மகாதேவி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
பத்திரம் எழுதுகிறவன் நான்.
போன லீவில் பழைய நகல் ஒன்றை
வாசித்துச் சொல்ல உட்கார்ந்தவள்
வடக்கெல்லையில் நின்றுவிட்டாள்.
"ஏம்ப்பா, இந்த வாய்க்கால் இப்ப எங்க?"

முப்பது வருசமாக அதே வாய்க்காலை
எல்லையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அங்கே கல்யாண மண்டபம்.
நானே இரண்டு தடவை
பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் போய்
மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மதகைக்
கண்டுபிடித்து வந்தாள்,
முழங்கை முழுக்க உடைமுள் கீறல்.

வேலை கிடைக்குமா, தெரியாது.
அத்தானுக்குச் சொல்ல இன்னும் பதிலில்லை.

விண்ணப்பத்தை என் மேசையில்தான் நிரப்பினாள்.
பேனா கேட்டாள், கொடுத்தேன்.
பிரிவு என்ற கட்டத்தில் அவள் எழுதி முடிக்கும்வரை
பத்திரத்தின் கடைசி வரி
என் நாக்கில் உருண்டது:
சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும்
பிறர் தூண்டுதல் இல்லாமலும்.

பெற்றோர் கையெழுத்து என்றிருந்த இடத்தில்,
பழக்கதோஷம்,
சாட்சி என்று எழுதப் போனேன்.