ஸ்வெட்டர் மட்டும் போயிருக்கிறது

பயணச்சீட்டு நாலு பேருக்கு.
விமானம் ஏறியவர்கள் மூன்று பேர்.
நான்காவதாக என் சிவப்பு ஸ்வெட்டர்
பர்கத் நிஷாவின் உடம்பில் ஏறிப் போயிருக்கிறது.

முப்பது மாதம் ஏலச்சீட்டு கட்டினோம்.
மன்னார்குடி பேருந்தில் நின்றபடி
ஜேஜு, ஜேஜு என்று
வாய்க்குள் சொல்லிப் பழகினோம்.
திருச்சியில் பேரம் பேசி வாங்கியதைக்
கோட்டூரில் போட்டுப் பார்த்த அன்றே
அக்குள் நனைந்துவிட்டது.

நான் உட்கார்ந்திருப்பது
கொள்முதல் நிலையத்து வாசலில்,
நூற்றுப்பத்து மூட்டை தேறும் அம்பாரத்தின் ஓரத்தில்.
டோக்கன் எழுபத்து மூன்று.
நேற்று கூப்பிட்டது நாற்பத்தொன்று.
ஈரம் பார்க்கும் பெட்டி இருபத்தொன்று காட்டுகிறது.
பதினேழுக்கு வரட்டும் என்கிறார் பட்டியல் எழுத்தர்,
மாடியில் விளையாடும் பிள்ளையை
இறங்கி வரச் சொல்வதுபோல.

தை பிறந்து பன்னிரண்டு நாள்.
இப்போது பெய்யக்கூடாது.
பெய்கிறது.

இங்கே மணி பதினொன்று, அங்கே இரண்டரை.
ஜெசிந்தா போனைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறாள்:
கறுப்புக் கல் வேலி,
வேலிக்குள்ளே கமலா ஆரஞ்சு,
உச்சியில் பனி ஒட்டிய மலை,
மூக்குப் பெருத்த ஒரு கல் ஆள்,
அந்த மூக்கைப் பிடித்தபடி தில்லைநாயகி.
காற்றில் அவள் சொன்னது பாதிதான் வந்தது.
"நீ சொல்லுடி, வேற எதைக் காட்ட?"
"ஸ்வெட்டரைக் காட்டு."

சிக்னல் இல்லையென்று பொய் சொல்லி
இரண்டு தரம் வைத்துவிட்டேன்.
மூன்றாம் தரம் எடுத்தபோது
திரையில் அவர்களுடைய வேன் ஓட்டுநர்.
எங்கள் வயதுதான் இருக்கும்.
அவர் பேசியதை
போனுக்குள் இருந்த ஒரு குரல்
செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது:
"உங்கள் மலையின் உயரம் எவ்வளவு?"

திரும்பிப் பார்த்தேன்.
தார்ப்பாய் மூடிய நெல்.
"இடுப்பு மட்டும்" என்றேன்.
நெல் என்றேன்.
அது என்னவென்று மொழிபெயர்த்ததோ,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
கிட்டே வந்தார்.
"எங்கள் தீவில் மழை உண்டு.
தண்ணீர் நிற்பதில்லை.
கல் குடித்துவிடும்.
ஆகவே நெல் அபூர்வம்."

போனைத் தரைக்குச் சாய்த்தேன்.
தார்ப்பாயைச் சுற்றிக் கணுக்கால் தண்ணீர்,
அதில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
இதற்கு நிற்கத்தான் தெரியும்,
போ என்றால் போகாது என்றேன்.
மொழிபெயர்க்கும் குரல் வெகுநேரம் யோசித்தது.

அவர் இரண்டு விரலைச் சேர்த்து
இல்லாத ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக்
கடித்துக் காட்டினார்.
தார்ப்பாய்க்குள் கைவிட்டு
நானும் ஒரு நெல் எடுத்துக் கடித்தேன்.
நறுக்கென்று உடையவில்லை, நசுங்கியது.
பெட்டி பொய் சொல்லவில்லை.
அவர் முகத்தைப் பார்த்தால்
சத்தம் கேட்காதது அவருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது.

அதற்குள் பின்னால் ஒரே கூச்சல்.
தில்லைநாயகியின் தொப்பி கடலுக்குப் போயிற்றாம்.

எழுபத்து மூன்றைக் கூப்பிட்டது
அவர்கள் திரும்பி வந்த மறுநாள்.
பத்தொன்பதில் எடுத்துக்கொண்டார்கள்.
இறங்கி வந்தது சர்க்காரா நெல்லா, தெரியாது.

ஸ்வெட்டரைத் துவைக்காமல்தான் தந்தாள் பர்கத்.
வலது பையில் காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
இடது பையில் கொஞ்சம் சில்லறை.
வேன் வாடகையை நாலாகத்தான் பிரித்தோம்,
நீயும் கட்டியவள்தானே,
இது உன் பங்கு மீதி என்றாள்.

ஐம்பது வொன் காசு ஒன்று.
ஒரு பக்கம் எண்.
மறு பக்கம்
முற்றித் தலை சாய்ந்த நெற்கதிர்.

யாரும் பார்க்காதபோது
கடித்துப் பார்த்தேன்.
நன்றாகக் காய்ந்திருந்தது.