வாடகைக்குப் பிடித்த வயலின்

மூன்று மாத வாடகைக்கு ஈடாக
மாடியறை தேவசித்தம் விட்டுப்போனது இது.
விட்டுப்போனது என்று ஊருக்குச் சொல்வது;
நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.
தறிக்கூடத்துச் சுவரில்
ஆணி அடித்து மாட்டினேன்.

அம்மாப்பேட்டையில் வயலின் யாருக்குக் கேட்கும்?
எங்களுக்கு நான்கு தறி, எதிர்வீட்டில் எட்டு.
நானும் சீரங்கனும்
உதடு பார்த்துத்தான் சண்டை போடுவோம்.

தீபாவளி ஆர்டர் முடிந்த வாரம்
ஒரே தறி ஓடியது, இரவு இரண்டு மணிக்கு.
அறுந்த இழைக்கு முடிச்சுப்போடக் குனிந்தபோது
டக்கடக்குக்கு அடியில் இன்னொன்று:
டப்பாவில் மாட்டிய வண்டு மாதிரி.
பேரிங் போயிற்று என்று
எண்ணெய்க் குடுவையோடு மோட்டாரைத் தடவினேன்.
பேரிங்கில் குறையில்லை.

சுவரில், தளர்ந்துபோன தடித்த தந்தி
ஒன்று இரண்டாகி
நடுவில் வயிறு பெருத்து மங்கலாகத் தெரிந்தது.
விரல் வைத்தேன், நின்றது.
எடுத்தேன், கொஞ்சங்கொஞ்சமாக மறுபடி.

தொட்டில் ஆட்டியவள் நான்.
நேரம் பார்த்துத் தள்ளினால்
சுண்டுவிரல் போதும்,
நேரம் தப்பினால்
இரண்டு கையாலும் ஆகாது.
மோட்டார் தரையைத் தள்ள, தரை சுவரை,
சுவர் ஆணியை, ஆணி அந்த மரப்பெட்டியை;
மற்ற மூன்று தந்தியும் சும்மா இருக்க
இது ஒன்று மட்டும் எழுந்து பேசியது.

சாயங்காலம் ஊரே லைட் போட்டு
வோல்டேஜ் இறங்கினால் பேசாது.

சீரங்கனுக்குப் பொறாமை.
இரண்டு ஆணிக்கு நடுவே
அதே கனத்தில் கம்பி கட்டிப் பார்த்தார்.
ஆடியது, சத்தமில்லை.
கத்தியால் குளத்தை அடித்த மாதிரி
காற்று விலகி வழிவிட்டது.
காற்றைத் தள்ள
ஒரு வயிறு வேண்டுமே.

ஒருநாள் கரண்ட் போனது.
தறி நின்றது, மின்விசிறி நின்றது,
தெருவே நின்றது.
தந்தி மட்டும்
யாரும் சொல்லாததால்
இன்னும் ஒரு நொடி.

தை மாதம் தேவசித்தம் பணத்தோடு வந்தான்.
எண்ணி வாங்கினேன், ஒரு மாதம் தள்ளி.
நின்றபடியே முறுக்காணி திருகிச் சுதி சேர்த்தான்.
என் தடித்த தந்தி இறுகிக்கொண்டது.
"அதை மட்டும் அப்படியே விடேன்" என்றேன்.
தறிச்சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

வெறும் ஆணியில்
கரண்ட் பில்லைக் குத்திவைத்தேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
ராத்திரி இரண்டு மணிக்கு
அதன் ஓரம்
மெல்ல முரலத் தொடங்கியது.