ஒன்பதாம் எண் வடிகால் வட்டம்

பதினொரு ஆண்டாய் அறிக்கை வரவில்லை.
இன்னொரு கடிதத்துக்கும் பதில் இல்லையென்றால்
சட்டப்படி அது இல்லை.
இல்லாமல் போகவிருக்கும் ஒன்றைப் பார்த்துவர
என்னை அனுப்பினார்கள்,
நவம்பரில், ஒற்றை வைப்பர் மட்டும் அசையும்
கவுண்டி அலுவலகக் காரில்.

கடல்மட்டத்துக்கு மூன்றடி கீழே
அறுநூற்றுப் பத்து ஏக்கர்.
உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் விதை, பதினான்கு வீடுகள்,
பாசி பிடித்த கூரையோடு ஒரு லுத்தரன் தேவாலயம்.
கரைக்கு அந்தப்பக்கம் கடல்
வாடகை பாக்கி கேட்க வந்தவன் மாதிரி
எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஆணையர்கள் மூவர் என்கிறது பதிவேடு.
ஒருவர் ஹால்வர் எங்கெசெட்.
இன்னொருவன் அவர் தங்கை மகன்.
மூன்றாவது நாற்காலியில்
இரண்டாயிரத்துப் பதின்மூன்றிலிருந்து
யாருடையதோ ஒரு மழைக்கோட்டு.

தேர்தல்?
"நின்றவன் ஒருவன், போட்டவர் நால்வர்.
ஒரு வருஷம் நானே போட மறந்துவிட்டேன்."
கூட்ட அறிவிப்பு எங்கே ஒட்டுவீர்கள்?
"தீவனக் கடைக் கதவில்."
தீவனக் கடை மூடி எத்தனை நாளாயிற்று?
ஹால்வர் மருமகனைப் பார்த்தார்.
மருமகன் ஜன்னலைப் பார்த்தான்.

கணக்குகள் ஓடாத ஃப்ரீசருக்குள் இருந்தன.
"எலி ஏறாது" என்றாள் செயலாளர் வெண்டலின்,
சம்பளம் இல்லை அவளுக்கு, கையெழுத்து மட்டும் முத்து.
மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்
நான் படித்து முடிக்கும்வரை.

ஒரு மார்ச் மாதம்: பாலக்குழாய் ஒன்று, 6,800 டாலர்.
வரைபடத்தில் விரலால் தேடிக் கண்டுபிடித்தேன்.
மேலே ஓடுவது ஹால்வர் வீட்டுப் பாதை.
கீழே ஓட
ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது.

வேலி பயிரை மேய்ந்துவிடவில்லை.
ஓரமாய் ஒரு வாய் கடித்திருக்கிறது.

பிறகு மாதாமாதம் ஒரு நாற்பது டாலர்.
பில் இல்லை, ஒப்பந்தம் இல்லை,
"எ.கி." என்ற இரண்டெழுத்து மட்டும்.
யார் என்றேன்.
"இன்றைக்கு ஓதம் இரண்டு நாற்பதுக்கு.
வேண்டுமானால் வந்து பாருங்கள்."

காரில் உட்கார்ந்து ஆறிய காப்பி குடித்தேன்.
இரண்டேகாலுக்கு ஒரு டார்ச் வெளிச்சம்
கரைமேல் நடந்து வந்தது.
எலியாசர் கிண்டானா. பகலில் கிழங்கு மூட்டை போடுகிறவர்.
மதகின் இரும்பு மடலில் சிக்கிய மரக்கிளையைக்
கொக்கிக் கம்பால் இழுத்தார், திட்டினார், மறுபடி இழுத்தார்.
கிளை விலகியது.
மடல் சாத்திக்கொண்ட சத்தம்
என் பல்லில் கேட்டது.
கடல் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது.

கூட்டத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன்.
"எதற்கு? நிலம் இருப்பவனுக்குத்தான் ஓட்டு.
நான் வாடகை வீடு." கம்பைத் தோளில் சாய்த்தார்.
"தண்ணீர் வந்தால் மட்டும்
முதலில் என் வீட்டுக்கு வரும்."

படிவத்தில் பதினான்காம் கேள்வி:
சேவை போதுமானதா? ஆம், இல்லை.
நடுவில் ஒரு கட்டம் வரைந்தேன், அழித்தேன்.

நகரத்துப் பெரிய வட்டத்தோடு இணைக்கலாம்.
அங்கே கணக்கு சுத்தம், நேரலையில் கூட்டம்,
தொலைபேசி எடுக்க ஆள் உண்டு
எட்டிலிருந்து ஐந்துவரை.
ஓதம் அந்த நேரம் பார்த்து வராது.

எழுதினேன்: 6,800 டாலரைத் திருப்பிக் கட்டவேண்டும்.
எழுதினேன்: அறிவிப்பு, திறந்திருக்கும் ஒரு கதவில்.
எழுதினேன்: நனையப்போகிறவர் எல்லோருக்கும் ஓட்டு,
சட்டம் இடம் தராது என்று தெரிந்தே.
அந்த வரியை என் மேலதிகாரி அடிப்பார்.
அழுத்தி அடிக்கட்டும் என்று
மையில் எழுதினேன்.

நாற்பது டாலருக்கு எதிரே
"விளக்கம் தேவை" என்று போடவேண்டும், விதி அது.
போட்டேன்.
விளக்கம் என் செருப்பில் சேறாக ஒட்டி
அலுவலகக் கம்பளம்வரை வந்தது.