மாதிரி எண் நாற்பத்தொன்று

மன்னார்குடியிலிருந்து ஐஸ் பெட்டியோடு
தஞ்சாவூர் பஸ்ஸில் வருகிறேன்.
மடியில் இருப்பது
வேம்பையனின் கன்னத்தில் எடுத்த மிளகளவுத் துணுக்கு.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.
மருந்து என்று பொய் சொன்னேன்.

பாமணி ஆற்று மதகில்
முப்பத்திரண்டு வருஷம் லஸ்கர் வேலை.
புகையிலை ஒதுக்கிய வாய்.
சொந்தமாய் ஒரு குழி நிலமில்லை,
ஒரு நெல்மணி விளைவித்ததில்லை.
ஆனாலும் கோட்டூர் வரைக்கும்
எந்த வயல் குடிக்கும், எந்த வயல் வெடிக்கும் என்பது
அவர் சுற்றும் சக்கரத்தில் இருந்தது.

செல்லுக்குள்ளும் அப்படிச் சிலர்,
புரதம் எதையும் செய்யாத ஆர்.என்.ஏ.க்கள்.
அவை பிறக்கும் இடங்களை
நான் படித்த பழைய பாடப்புத்தகம் குப்பை என்றது.
எங்கள் பக்கம் குப்பை என்றால்
உழவுக்கு முன் வண்டி கட்டி
வயலுக்கு அடிப்பது.
எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இருபத்திரண்டு எழுத்தில் ஒரு குட்டி.
"பெருகு" என்று போகும் செய்தியை
வழிமறித்து வாயடைக்கும்,
ராத்திரியில் ஷட்டர் இறக்குகிறவன் மாதிரி.
இன்னொன்று நீளமானது.
அந்தச் செய்தியின் சாயலை உடம்பெங்கும் பூசிக்கொண்டு
குட்டிகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும்.
வெங்காயத்தாமரைதான்.
ஷட்டர் இறக்க வந்த ஆள் அதன் வேரில் சிக்கிக் கிடக்க
மதகு திறந்தபடியே இருக்கும்.
கரையை யாரும் வெட்டவில்லை.
உடைப்பு இல்லாமலேயே வெள்ளம்.

இதை வார்டில் அவரிடம் சொன்னேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.
வாய் திறக்க முடியாமல்
ஸ்கேன் கவரின் பின்பக்கம் எழுதினார்:
"ஷட்டரை நானாவா திறப்பேன்?
மேலேருந்து போன் வரும்.
அங்க யாரு பேசுறான்னு பாரும்மா."

ரிசல்ட் வந்த இரவு.
அந்த நீளமானது நாற்பத்தொன்றில்
பக்கத்து நல்ல சதையைவிடப் பதினோரு மடங்கு.
யார் சொல்லி இத்தனை?
நோட்டில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டேன்.
அதன் முனையில் எழுத ஒன்றுமில்லை.

போனில் ஒரு செய்தி,
வேம்பையன் நம்பரிலிருந்து:
"தண்ணி கோட்டூர் தாண்டிடுச்சாம்.
ஆறாம் ஷட்டர் துருப்பிடிச்சிருக்கு.
ஆயில் போடச் சொல்லு."
யாரிடம் சொல்வது என்று
எழுதவில்லை.