ஆறாயிரம் லிட்டர்

அழகருக்குத் திறந்துவிட்ட தண்ணீர்
ஐந்தாம் நாளே மணலுக்குள் போய்விட்டது.
வில்லாபுரத்தில் கிதியோனின் சபைக்கு
ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டி நிரம்ப வேண்டும்.
அவனுக்குத் தெரிந்த தண்ணீர் லாரி
என்னுடையது ஒன்றுதான்.

போனில் இழுத்தான்.
"வேற யாரையாவது பார்க்கட்டுமா மாப்ள?"
ஏன் இழுக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

பதினான்கு வருஷமாக
வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்
அரசரடி டீக்கடையில் மூன்று பேர்.
நான் பிறந்த அன்றே தலை நனைந்தவன்.
கிதியோன் இருபத்தாறு வயதில்
தானே கேட்டு முழுகினவன்.
சூசைமாணிக்கம், அச்சகத்தில் பைண்டிங் வேலை,
ஞாயிறு முதல் பூசை தவறாதவன்;
எங்கள் இருவரையும் "பிரிந்துபோன சகோதரர்" என்பான்,
சிரிக்காமல்.

சூசை திருமுழுக்கு என்றால்,
"பேர்லயே முழுக்கு இருக்கு,
அப்புறம் எதுக்குய்யா ஊத்துறீங்க?"
நான் ஞானஸ்நானம் என்றால்,
"மூணு சொட்டு விட்டுக்கிட்டு ஸ்நானம் பண்ணிட்டேன்னா
எங்க வீட்ல சோறு போட மாட்டாங்க."
நான் அந்த நடுராத்திரிச் சிறைக்காவலனைக் கூப்பிடுவேன்:
வீட்டோடு அத்தனை பேரும் பெற்றார்களே,
அந்நேரத்துக்கு அங்கே தொட்டி ஏது?
ஒரு தொட்டில்கூடவா இருந்திருக்காது?
கடைக்காரர் பாண்டி
இரண்டு கட்சிக்கும் சர்க்கரை ஒரே அளவுதான் போடுவார்.

ஒருநாள் சொல்லிவிட்டான்.
"நீ வாங்கினது ஞானஸ்நானமே இல்ல. வெறும் தண்ணி."

நான் எட்டு மாதத்தில் பிறந்தவன்.
மிஷன் ஆஸ்பத்திரியில்
விடிவதற்குள் போய்விடும் என்றார்களாம்.
ஐயர் சைக்கிளில் வந்து
மருந்து குடிக்கும் கண்ணாடித் தம்ளரிலிருந்து
மூன்று துளி.
அம்மா சாகும்வரை அந்தத் தம்ளரை
பீரோவில் புடவைக்கு நடுவே வைத்திருந்தாள்.
இது அவனுக்கும் தெரியும்.
டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நான்கு வெள்ளிக்கிழமை.

ஐந்தாவது வாரம் லாரி செட்டுக்கே வந்தான்.
"நான் நம்புறத மாத்திக்கல" என்றான்.
"ஆனா அன்னைக்கு உங்கம்மா முகத்தை மறந்துட்டுப் பேசிட்டேன்."
பிறகு, கேட்காமலே,
என் பக்கத்தை அவனே சொல்ல ஆரம்பித்தான்:
கேட்கத் தெரியாதவனையும் முந்திக்கொண்டு வருகிற கிருபை,
பேர் வைப்பதற்கு முன்பே
பேர் சொல்லிக் கூப்பிட்டது.
எனக்கு அவ்வளவு நன்றாகச் சொல்ல வந்ததில்லை.
"சரியா சொன்னேனா?"
"சரி."
"இப்ப எங்க உதைக்குதுன்னு சொல்லட்டுமா?"
சொன்னான், ஒரு மணி நேரம்.
சில இடத்தில் என்னிடம் பதில் இல்லை.
இன்னும் இல்லை.

சனிக்கிழமை சக்கிமங்கலம் கிணற்றில் பிடித்தேன்,
ஆறாயிரம் லிட்டர்.
கிளீனரை உட்காரச் சொல்லிவிட்டு
ஹோஸை நானே பிடித்தேன்.

ஞாயிறு. செருப்பைக் கழற்றிவிட்டு
நானும் சூசையும் தொட்டியோரம்.
சூசை தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டான்;
யாரும் திரும்பவில்லை, அல்லது
பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள்.
கிதியோனின் மகள் கெத்சீயாள்,
பாலிடெக்னிக் கடைசி வருஷம்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு
முழுசாக உள்ளே போய் எழுந்தாள்,
நான் முந்தின நாள் ருசிபார்த்த தண்ணீரில்.
லேசாக உப்பு.

அவள் தலையை உதறியதில்
என் நெற்றியில் நாலைந்து சொட்டு.
கிதியோன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தான்.
"இது கணக்குல வராது மாப்ள. தெளிப்பு."
"எங்க கணக்குல வரும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை.
அன்று ராத்திரியே கூடிவிட்டோம்.
சூசை கிளாஸை ஊதிக்கொண்டே கேட்டான்:
"உங்க தண்ணி முடிஞ்சதா?
உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்புக்கு
எப்பப்பா வர்றீங்க?"

அடுப்பை அணைக்கப் போன பாண்டி
எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார்.
இன்னொரு பால் பாக்கெட்டைக் கிழித்தார்.