கம்பில்லாத கூடாரம்

பிஷ்கெக்கிலிருந்து இரவெல்லாம் வேன்.
வருஷம் முழுக்க டிராலிபஸ் ஓட்டுகிறவன் எர்மெக்,
பயணியாக உட்காரத் தெரியாமல்
வழிநெடுக
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான்.
கரகோலில் இறங்கியபோது
அவன் கன்னத்தில் ஜன்னல் ரப்பரின் தடம்.

ஒன்பது நாள் விடுப்பு.
பல் ஆஸ்பத்திரியில் நான் எழுதிக் கேட்டு வாங்கியது,
டெப்போவில் அவன் சண்டை போட்டு வாங்கியது.

ஆற்றோரமாக ஏறினோம்.
அடுப்பில் வைத்து மறந்த பால்போல
பொங்கிக்கொண்டே இருந்தது ஆறு.
இரண்டாம் பாலத்தில் என் இடது குதிகால் கொப்புளித்தது.
மூன்றாம் பாலம் வரைபடத்தில் இருந்தது,
ஆற்றில் இல்லை.
காலணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
கைகோத்துக் கடந்தோம்.
காதலால் அல்ல.
தனித்தனியாக நின்றால் தண்ணீர் இழுத்தது.

அக்கரைப் புல்வெளியில் மூட்டையைப் பிரித்தோம்.
துணி இருந்தது. கயிறு இருந்தது.
ஆணிகள்கூட எண்ணிப் பத்து.
கம்புகள் இல்லை.

"நீதானே கட்டினாய்?"
"நீதானே கடைசியில் ஜிப்பை இழுத்தாய்?"
அங்கிருந்து
அவன் அம்மா,
என் தம்பிக்குக் கொடுத்து வராத கடன்,
எப்போதோ ஒரு கல்யாணத்தில் நான் சிரித்த சிரிப்பு
எல்லாம் ஏறி வந்தன மலைக்கு.
ஒன்றின் காலிலும் கொப்புளமில்லை.

சேணமில்லாத குதிரைமேல் ஒரு சிறுமி வந்தாள்.
மேட்டிலிருந்த யூர்த்தாக் கூடாரத்துப் பெண், பேர் பெர்மெத்.
தரையில் கிடந்த துணியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து
"உள்ளே யாராவது இருக்காங்களா?" என்றாள்.
சிரித்துவிடக் கூடாது என்று
இருவருமே வேறு வேறு மலையைப் பார்த்தோம்.
மறுபடி வந்தபோது
ஒரு பாட்டில் குமிஸ், புளித்து மூக்கில் ஏறும் குதிரைப்பால்.
கூடவே அம்மா சொல்லியனுப்பியது:
இடமிருக்கிறது, வந்து படுங்கள்.
"வேண்டாம், இங்கேயே படுத்துக்கிறோம்"
என்றோம் இரண்டு பேரும் ஒரே மூச்சில்.
அன்று நாங்கள் ஒத்துப்போன விஷயம்
அது ஒன்றுதான்.

இரண்டு மரங்களுக்கிடையே கயிறு,
கயிற்றின்மேல் துணி,
துணிக்கடியில் முதுகும் முதுகுமாக நாங்கள்.

நள்ளிரவில் ஆலங்கட்டி.
துணி தொய்ந்து வந்து மூக்கைத் தொட்டது.
அவன் எழுந்து உட்கார்ந்தான்,
கைத்தடியைச் செங்குத்தாகப் பிடித்து நடுவில் தூக்கினான்.
"தூங்கு" என்றான்.
எத்தனை நேரமோ.
நான் விழித்தபோது அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.
தடியை வாங்கினேன்.
சாயும்போதே குறட்டை.

அதன்பின் நான் கம்பு.

சுலபமில்லை கம்பாக இருப்பது.
தோள் முதலில் கெஞ்சும்,
பிறகு திட்டும்,
பிறகு யாருடைய தோளோ ஆகிவிடும்.
தலைக்குமேல் ஒரு விரற்கடையில்
யாரோ மூட்டை மூட்டையாகக் கோதுமையைக் கொட்டினார்கள்.
தூக்கத்தில் அவன் வலது பாதம்
பிரேக்கை மிதித்தது.
இரண்டு தடவை.
யாரோ குறுக்கே ஓடியிருக்க வேண்டும்,
பிழைத்திருக்கவும் வேண்டும்,
ஏனென்றால் பாதம் பிறகு தளர்ந்தது.

மழை நின்றபின்னும்
கொஞ்ச நேரம் நான் தடியை இறக்கவில்லை.

கணவாய்வரை போகவில்லை.
ஏரி தெரியும் என்றார்களே, அந்தப் பாறையிலிருந்து
மேகம் தெரிந்தது.
ரொட்டியும் ஆப்ரிகாட்டும் தின்றோம்.
கொட்டைகளை அவன் கல்லால் உடைத்து
ஒவ்வொரு பருப்பாக ஓரம் கடித்துப் பார்த்தான்.
கசந்ததைத் துப்பிவிட்டு
மிச்சத்தை என் பக்கம் தள்ளினான்.
பேச்சு ஒன்றுமில்லை.
கீழே யாரோ ஆடுகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு பால்கனியில்
ஜாம் பாட்டில்களுக்குப் பின்னால் நின்றிருந்தன கம்புகள்,
வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பையன்கள்போல.
கிளம்புவதற்கு முந்தின நாள்
துடைத்து அங்கே காயவைத்தது நான்தான்.

உள்ளே அவன் குளிக்கும் சத்தம்.
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி
பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினேன்.